தீர்த்தமும் சாக்கடையும்

எந்த ஊரிலாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று கட்டப் போவதாக நகராட்சியார் ஒரு இடத்தைக் குறித்துக் காட்டிவிட்டால், மறுநாளே அங்கு ஒரு எதிர்ப்புக் கூட்டம் கூடிவிடுகின்றது. "எங்கள் தெருப் பக்கம் வரக் கூடாது" என்பார் ஒருவர். "கோவில் குளத்துக்குப் பக்கத்திலா கட்டுவது?" என்பார் இன்னொருவர். "மனை விலை விழுந்துவிடும்" என்பார் மூன்றாமவர். "ஊர் மலமெல்லாம் எங்கள் தலையில்தானா?" என்று எல்லோரும் சேர்ந்து கேட்பார்கள். இவ்வளவு பேரில் ஒருவராவது, "நேற்று வரையில் நம் வீட்டு மலம் எங்கே போய்க் கொண்டிருந்தது?" என்று தம்மைத் தாமே கேட்டுக் கொண்டதாக நமக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால், அது வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றிலும் கிணற்று ஊற்றிலும் கலந்து, கடைசியில் குடத்தின் வழியாகவும் கீரைக்கட்டின் வழியாகவும் தம்முடைய வீட்டுக்கே திரும்பி வந்து கொண்டிருந்தது என்கின்ற சங்கதி விளங்கியிருக்கும்.

நம் ஜனங்களுக்குச் சுத்தத்தில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடியற்காலையில் வாசல் தெளிக்கின்றோம். குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையக் கூடாது என்கின்றோம். மடி என்கின்றோம், தீட்டு என்கின்றோம், தீர்த்தம் என்கின்றோம். இவ்வளவும் செய்துவிட்டு, கக்கூஸ் தண்ணீரை ஒரு குழாய் வைத்துத் தெருச் சாக்கடையில் திருப்பிவிட்டுக் கதவைச் சாத்திக் கொள்ளுகின்றோம். கண்ணுக்கு மறைந்தால் சுத்தமாகிவிட்டது என்பதே நம்முடைய சுகாதார சாஸ்திரமாய் இருந்து வருகின்றது. உண்மையான சுத்தம் எங்கே நடக்கின்றது, எப்படி நடக்கின்றது, அது நடக்காவிட்டால் யார் சாகின்றார்கள் என்பதைப் பற்றியே இவ்வாரம் சில வார்த்தைகள் எழுத முன்வந்தோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் 2020-21-ஆம் வருஷத்துக்கு எடுத்த கணக்கின்படி, இந்திய தேசத்து நகரங்களில் மட்டும் நாள் ஒன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகின்றது. அதைச் சுத்தம் செய்வதற்காக ஏற்பட்டிருந்த நிலையங்களின் சக்தி 3,184 கோடி லிட்டர்தான். கட்டிய நிலையங்களாவது முழு வேலை செய்தனவா என்றால் அதுவும் இல்லை. உண்மையில் சுத்தம் செய்யப்பட்டது 2,023 கோடி லிட்டர். அதாவது நூற்றுக்கு 28 பங்கு. மீதி 72 பங்கும் வந்தது வந்தபடியே நம்முடைய ஆறு, ஏரி, கடல்களுக்குள் போய்ச் சேர்ந்தது. இந்த ஆறுகளுக்குத்தான் நாம் தாய் என்றும் தெய்வம் என்றும் பெயர் வைத்திருக்கின்றோம். பெற்ற தாயை இப்படி நடத்துகின்றவனை ஊரில் என்ன சொல்லுவார்கள் என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இதனால் என்ன கெடுதி என்று கேட்கலாம். ஒரு காலத்தில் வாந்திபேதி என்றால் கிராமமே காலியாகும். அம்மன் கோபித்துக் கொண்டாள் என்று சொல்லி, ஆடு கோழி வெட்டி, கூழ் ஊற்றி, தேர் இழுத்தார்கள். எல்லோரும் ஒரே குளத்தில் குளித்து, ஒரே குளத்தில் வாய் கொப்பளித்து, அதே குளத்துத் தண்ணீரில் பொங்கல் வைத்தார்கள். வியாதி அடங்காமல் அதிகப்பட்டது. அம்மனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்றார்கள்.

1854-ஆம் வருஷத்தில் லண்டன் நகரத்தில் ப்ராட் தெரு என்னும் இடத்தில் இதே வாந்திபேதி வந்து 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கு ஜான் ஸ்நோ என்கின்ற வைத்தியர் ஒருவர், செத்தவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று வீடு வீடாய்ப் போய் விசாரித்தார். பெரும்பாலோர் ஒரே குழாயில் பிடித்தவர்கள் என்று கண்டு, அதன் கைப்பிடியைக் கழற்றும்படி செய்தார். அந்தக் குழாய்க் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டு மலக்குழி கசிந்து, ஊற்றில் கலந்திருந்தது என்பது பிறகு வெளியாயிற்று. 1884-ல் ராபர்ட் காக் என்கின்ற ஜெர்மன் அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை நோயாளிகளின் குடலில் கண்டதோடல்லாமல், அவர்கள் உபயோகித்த ஒரு குளத்துத் தண்ணீரிலும் கண்டார். அம்மனுடைய கோபம் என்று நாம் சொல்லி வந்தது, ஒருவர் மலம் இன்னொருவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததன் பலன்தான் என்று அன்றைக்கே ருசுவாகிவிட்டது. வாந்திபேதி மட்டுமல்ல. டைபாயிடு, சீதபேதி, தண்ணீரால் பரவும் மஞ்சள்காமாலை, குடற்புழு, பிள்ளைகளை முடமாக்கும் போலியோ ஆகிய எல்லாவற்றுக்கும் பாதை இந்த ஒரே பாதைதான். அந்தப் பாதையை வெட்டிவிட்டால் வியாதிக்கு வண்டி கிடையாது. சுத்திகரிப்பு நிலையம் என்பது அந்தப் பாதையை வெட்டுகின்ற இடம்.

நிற்க, "சாக்கடைக் குழாய் போட்டால் போதாதா? நிலையம் வேறு எதற்கு?" என்று சிலர் கேட்கின்றார்கள். இந்தக் கேள்விக்கு லண்டன்காரர்கள் பெரிய விலை கொடுத்துப் பதில் கண்டிருக்கின்றார்கள். 1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் பார்லிமெண்டு சபையின் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு மருந்துத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட வேண்டி வந்தது. ஏழைகள் செத்தபோது திறக்காத பணப்பை, மெம்பர்களுடைய மூக்கு நாறியவுடன் திறந்தது. பாசல்கெட் என்னும் எஞ்சினீயர் பெரிய பெரிய சாக்கடைக் குழாய்களைக் கட்டி, நகரத்து அசுத்தத்தையெல்லாம் கிழக்கே கொண்டுபோய் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் விட்டார். நகரம் பிழைத்தது. ஆனால் அசுத்தம் இடம் மாறியதே தவிர ஒழியவில்லை. 1878-ல் அந்தச் சாக்கடை வாய்க்குப் பக்கத்தில் ஒரு உல்லாசக் கப்பல் மோதி முழுகி 600 பேருக்கு மேல் இறந்தபோது, அவர்கள் விழுந்தது தண்ணீரிலா மலத்திலா என்று கேட்கும்படி ஆயிற்று. அதற்குப் பின்தான், குழாய் போடுவது பாதி வேலை, குழாயின் வாயில் சுத்தம் செய்வதே மற்றப் பாதி என்பது அவர்களுக்குப் புரிந்தது. நம்முடைய பல நகரங்கள் இந்தக் காலத்திலும் அந்தப் பாதி வேலையிலேயே நின்று கொண்டிருக்கின்றன.

இனி, அந்த நிலையத்துக்குள் என்னதான் நடக்கின்றது என்பதைச் சற்றுப் பார்ப்போம். அதில் மந்திரமும் இல்லை, மறைவும் இல்லை. கழிவுநீரில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் ஒரு பங்குக்கும் குறைவான அசுத்தத்தைப் பிரிப்பதுதான் வேலை. குழாய் வழியாய் வருகின்ற தண்ணீர் முதலில் கம்பிச் சல்லடையில் மோதுகின்றது. கந்தல் துணி, பிளாஸ்டிக் பை, சாக்கடையில் போடக் கூடாது என்று சொல்லியும் நாம் போட்ட சகல சாமான்களும் அங்கே நின்றுவிடுகின்றன. அடுத்தபடியாக மணல் படிகின்ற தொட்டி. அதற்கடுத்து ஒரு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீரை அசையாமல் நிறுத்தினால், கனமான அசுத்தம் அடியில் வண்டலாய்ப் படிகின்றது. குடத்துத் தண்ணீரைத் தெளியவிட்டு மேலாக மொண்டு கொள்ளுகின்ற நம் தாய்மார்களின் யுக்திதான் இது.

பிறகுதான் முக்கியமான வேலை. தண்ணீரில் கரைந்திருக்கும் அசுத்தம் எவ்வளவு தெளியவிட்டாலும் படியாது. அதைத் தின்று தீர்க்கச் சில நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை எங்கும் உள்ளவைதான். ஆற்றிலும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் அவைகளுக்குப் பிராணவாயு வேண்டும். ஆகவே ஒரு தொட்டியில் கழிவுநீரை விட்டு, அதற்குள் யந்திரத்தின் மூலம் ஓயாமல் காற்றை ஊதுகின்றார்கள். நுண்ணுயிர்கள் கோடி கோடியாய்ப் பெருகி அசுத்தத்தைத் தின்கின்றன. அடுத்த தொட்டியில் அவைகளும் சேறாய்ப் படிகின்றன. அந்தச் சேற்றில் ஒரு பகுதியை, புதுப்பாலுக்குப் பழைய மோரை உறை ஊற்றுவது போல, மறுபடியும் காற்றுத் தொட்டிக்கே திருப்பிவிடுகின்றார்கள். இந்த முறையை 1914-ஆம் வருஷத்தில் மான்செஸ்டர் நகரத்து ஆர்டன், லாக்கெட் என்கின்ற இருவர் வெளியிட்டார்கள். இன்று உலகத்திலுள்ள பெரும்பாலான பெரிய நிலையங்களில் இதுவோ, இதிலிருந்து பிறந்த முறைகளோதான் நடக்கின்றன. கடைசியாகக் குளோரின் போன்ற மருந்து கலந்து, எஞ்சிய கிருமிகளைக் குறைத்து வெளியே விடுகின்றார்கள். படிந்த வண்டலை மூடிய தொட்டியில் புளிக்கவைத்தால் எரிவாயு கிடைக்கின்றது. சென்னை நிலையங்களில் அந்த வாயுவைக் கொண்டே மின்சாரம் உண்டாக்கி யந்திரங்களை ஓட்டுகின்றார்கள்.

இதனால் ஆற்றுக்கு என்ன லாபம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். நம் ஊர் உஷ்ணத்தில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயு 7 அல்லது 8 மில்லிகிராம். மீன் முதலானவை சுகமாய் உயிர் வாழ அதில் 4 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். சுத்தம் செய்யாத ஊர்ச் சாக்கடைத் தண்ணீரோ, ஒரு லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் பிராணவாயுவை விழுங்கக் கூடியது. ஆகவே, ஒரு லிட்டர் சாக்கடை சுமார் 30 லிட்டர் ஆற்று நீரின் மூச்சைப் பிடுங்கிவிடுகின்றது. மூச்சுப் போன தண்ணீரில் மீன் மிதக்கும், நுரை கட்டும், கறுப்பாகும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நிலையம் ஒழுங்காய் நடந்தால் அந்த 300 மில்லிகிராம் 20, 30 என்கின்ற அளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடுகின்றது. மீதியை ஆறு தானே சமாளித்துக் கொள்ளும்.

கூவம் என்று சொன்னவுடன் மூக்கைப் பிடிக்கின்ற நாம், பச்சையப்ப முதலியார் காலத்தில் அந்தக் கூவத்தில் குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போவார்கள் என்று சொல்லப்படுவதைக் கேட்டால் சிரிப்போம். கூவம் என்ன பாவம் செய்தது? அது ஆறாய்ப் பிறந்தது. நாம் அதைச் சாக்கடையாக்கினோம். இப்படிக் கெட்ட ஆறு திரும்பவும் பிழைக்குமா என்றால் பிழைக்கும். அதே தேம்ஸ் நதியை 1957-ல் உயிரற்ற நதி என்று விஞ்ஞானிகள் கைவிட்டார்கள். ஆற்றங்கரையில் யாகம் செய்யவில்லை, ஆரத்தி எடுக்கவில்லை. கழிவுநீர் நிலையங்களைப் பெரிதாக்கித் திருத்தினார்கள். 1974-ல் அந்த ஆற்றில் சால்மன் மீன் மறுபடியும் அகப்பட்டது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பெங்களூர் நகரத்தின் கழிவு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் இறங்கித் தென்பெண்ணை வழியாய் நம் ஓசூருக்கு வருகின்றது. பெல்லந்தூர் ஏரியின் நுரை 2015-ல் தீப்பற்றி எரிந்ததைத் தேசமே பார்த்தது. தண்ணீர் எரிகின்றது என்று புராணத்தில் எழுதியிருந்தால் அதிசயம் என்று கும்பிட்டிருப்போம். ஓசூருக்குப் பக்கத்தில் கெலவரப்பள்ளி அணையில் மலை மலையாய் நுரை பொங்குவதையும், அந்தத் தண்ணீரை நம்பிய குடியானவர்கள் தவிப்பதையும் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதே பெங்களூர்ப் பள்ளத்தாக்கின் கழிவுநீரில் ஒரு பாகத்தைச் சுத்தம் செய்து, 2018 முதல் வறண்ட கோலார் ஜில்லா ஏரிகளுக்கு அனுப்புகின்றார்கள். இன்னும் நன்றாய்ச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும் என்று அங்கே வழக்கும் வாதமும் நடந்தன. நியாயமான வாதம்தான். என்றாலும், ஒரே ஊரின் தண்ணீர் ஒரு பக்கம் நுரையாய் வந்து நஞ்சையைக் கெடுப்பதும், மற்றொரு பக்கம் வற்றிய ஏரியை நிரப்புவதும் எதனால் என்பதைக் கவனியுங்கள். விதியினாலா? நடுவில் நிலையம் இருந்ததா இல்லையா என்பதினாலா?

சென்னையிலும் இதைக் கண்டோம். 2019-ஆம் வருஷக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தை வைத்துக் கொண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். மழை வேண்டி யாகங்கள் நடந்தன. அந்த வருஷத்திலேயே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், சுத்தம் செய்த கழிவுநீரை மேலும் நுட்பமாய் வடிகட்டி, இடத்துக்கு நாள் ஒன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் தொழிற்சாலைகளுக்கு அனுப்பக்கூடிய ஏற்பாடுகளும் ஆரம்பமாயின. மணலியிலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் உள்ள ஆலைகள் அந்தத் தண்ணீரை எடுத்துக் கொள்ளுகின்ற அளவுக்குக் குடி தண்ணீர் குடிக்கின்றவர்களுக்கு மிஞ்சுகின்றது. யாகத்தில் ஊற்றிய நெய் எத்தனை குடம் தண்ணீராயிற்று என்று யாராவது கணக்குக் கொடுத்தால் அதையும் வெளியிடக் காத்திருக்கின்றோம்.

தீர்த்தம் என்றால் கங்கைக்கு மேல் தீர்த்தம் இல்லை என்கின்றார்கள். அதில் முழுகினால் ஏழு ஜென்மத்துப் பாவம் போகுமாம். பாவம் போகின்றதோ இல்லையோ, அதில் விட்ட சாக்கடை போகவில்லை. அதனால்தான் 1986-ல் சர்க்காரார் கங்கைச் செயல் திட்டம் என்று ஒன்று ஏற்படுத்திப் பணம் செலவழித்தார்கள். அது போதாமல் 2014-ல் மறுபடியும் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தத் திட்டங்களின் பெரிய வேலை என்ன? கரையிலுள்ள ஊர்களில் கழிவுநீர் நிலையம் கட்டுவதுதான். 2025-ல் கும்பமேளா நடந்தபோது, பிரயாகையில் நதி நீர் பல சமயங்களில் மலக்கிருமி அளவின்படி குளிக்கும் தரத்துக்கு இல்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குத் தெரிவித்தது. பிறகு வேறு விதமாய்க் கணக்கிட்டு, குளிக்கத் தக்கதாகவே இருந்தது என்றும் சொல்லப்பட்டது. எந்தக் கணக்குச் சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இரண்டு கட்சிக்காரர்களும் நம்பியது 100 மில்லி லிட்டருக்கு எத்தனை கிருமி என்கின்ற எண்ணைத்தான். சாஸ்திரத்தைத் திறந்து பார்த்து எவரும் பதில் சொல்லவில்லை. நம்மைச் சுத்தம் செய்யும் என்று சொல்லப்பட்ட கங்கையைச் சுத்தம் செய்ய எஞ்சினீயரும் மின்சாரமும் வேண்டியிருக்கின்றது என்பதை, ஒப்புக் கொள்ளாமலே ஒப்புக் கொண்டுவிட்டார்கள்.

இதெல்லாம் பெரிய நகரத்துக்காரர்கள், பெரிய சர்க்கார்கள் செய்கின்ற காரியம், நம் சின்ன ஊருக்கு எட்டுமா என்று சிலர் தயங்கலாம். அவர்களுக்கு ஆலந்தூரைக் காட்டுகின்றோம். இப்பொழுது சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்ட ஆலந்தூர், 2011 வரையில் தனி நகராட்சியாய் இருந்தது. வீட்டுக்கு வீடு மலக்குழி. மழை பெய்தால் தெருவில் பொங்கும். 1990-களின் கடைசியில் அந்த நகராட்சி, பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கத் தீர்மானித்தது. கஜானாவில் பணம் போதவில்லை. வீடு வீடாய்ப் போய் விஷயத்தை விளக்கி, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். குழாய் கண்ணில் படுவதற்கு முன்பே ஜனங்கள் கொடுத்தார்கள். 2000-ல் வேலை ஆரம்பமாயிற்று. பெருங்குடியில் நாள் ஒன்றுக்கு 120 லட்சம் லிட்டர் சுத்தம் செய்யும் நிலையம் எழுந்தது. கும்பாபிஷேகத்துக்கு மட்டும்தான் நம்மவர்கள் கையை அவிழ்ப்பார்கள் என்பது பொய். பயன் இன்னதென்று விளங்கச் சொன்னால் சாக்கடைக்கும் கொடுப்பார்கள் என்பதை ஆலந்தூரார் மெய்ப்பித்தார்கள். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததுதான் மற்ற ஊர்களின் குறை.

இன்னும் சிறிய ஊர்களில் பாதாளச் சாக்கடை போடுவது உடனே ஆகாது. அங்கே மலக்குழியை லாரி வந்து உறிஞ்சிப் போகின்றது. எங்கே போகின்றது என்று யாரும் கேட்பதில்லை. இருட்டின பிறகு ஏரிக்கரையில் திறந்துவிட்டுப் போகின்றது. இதற்கும் வழி இருக்கின்றது. செங்கற்பட்டு ஜில்லா கருங்குழிப் பேரூராட்சியில் 2017-ல், லாரிகள் கொண்டுவரும் மலக்கசடை வாங்கிச் சுத்தம் செய்யும் ஒரு சிறிய நிலையம் ஏற்பட்டது. வண்டலை உலர்த்தி, நீரைச் செடி வளர்த்த பாத்திகளில் வடிகட்டி அனுப்புகின்ற ஏற்பாடு. கருங்குழிக்கு ஆனது மற்றப் பேரூராட்சிகளுக்கு ஆகாது என்று யார் சொல்ல முடியும்?

இப்பொழுது, இந்த விஷயத்தில் மனச்சாட்சி உள்ளவர்கள் அதிகமாய் யோசிக்க வேண்டிய இடத்துக்கு வருகின்றோம். நமது தேசத்தில் மலத்தை அப்புறப்படுத்தும் பிரச்சினைக்கு யந்திரம் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஏன்? அதற்கென்று ஒரு ஜாதியைக் கண்டுபிடித்துவிட்டோம். மலத்தை உண்டாக்கியவன் சுத்தமானவன், அதை அள்ளி அவனைக் காப்பாற்றியவன் தீண்டத்தகாதவன் என்று சட்டம் செய்தோம். அள்ளியவனை ஊருக்கு வெளியே வைத்தோம், அவன் அள்ளியதை ஊருக்குள்ளே ஓடும் ஆற்றில் விட்டோம். கையால் மலம் அள்ளுவதை 1993-ல் ஒரு சட்டம் தடுத்தது. 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. பாதுகாப்பில்லாமல் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவது குற்றம் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் வருஷந்தோறும் ஆட்கள் இறக்கப்படுகின்றார்கள், விஷவாயு தாக்கிச் சாகின்றார்கள். அந்த வாயு கொஞ்சமாய் இருக்கையில் நாறும். அதிகமானால் மூக்கையே மரத்துப் போகச் செய்து, இரண்டு மூன்று மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அவனைத் தூக்க இறங்கியவனும் அங்கேயே விழுகின்றான். 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டார் இப்படிச் சாகின்றவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நல்ல தீர்ப்புதான். ஆனால் செத்த பிறகு விலை வைக்கும் சமூகம், சாகாமல் இருக்க ஒரு யந்திரம் வாங்கக் கூடாதா என்று கேட்கின்றோம். குழிக்குள் தானே இறங்கி அடைப்பெடுக்கும் யந்திரத்தைக் கேரளத்தில் செய்து, 2018-லேயே திருவனந்தபுரத்தில் வேலையில் விட்டிருக்கின்றார்கள். யந்திரம் இல்லை என்கின்ற சாக்கு இனிச் செல்லாது.

ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தை ஆற்றுக்கும் வியாதிக்கும் மட்டும் மருந்தென்று நாம் கருதவில்லை. மலம் என்பது பிறவியைக் கொண்டு தீர்க்க வேண்டிய காரியமல்ல, சல்லடையும் தொட்டியும் காற்றும் கொண்டு தீர்க்கக் கூடிய சாதாரண வேலை என்பதைக் கண்ணெதிரே காட்டுகின்ற இடம் அது. எல்லா ஜாதிக்காரன் வீட்டுத் தண்ணீரும் ஒரே குழாயில் வந்து, ஒரே தொட்டியில் விழுகின்றது. நுண்ணுயிர்கள் கோத்திரம் கேட்பதில்லை. ஆனால் நிலையத்தைக் கட்டிவிட்டு, அதற்குப் போகும் குழாயில் அடைப்பெடுக்க மட்டும் பழைய ஜாதியையே இறக்குவோமானால், நாம் நவீன கட்டடத்துக்குள் பழைய மனுதர்மத்தை நடத்துகின்றவர்களாவோம்.

இனி எதிர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலையம் நாறும் என்கின்றார்கள். சரியாய் நடத்தாத நிலையம் நாறத்தான் செய்யும். காற்று ஊதும் யந்திரம் நின்றால் நல்ல நுண்ணுயிர்கள் செத்துத் தொட்டியே குட்டையாகும். ஆலைக்கழிவைத் திருட்டுத்தனமாய்க் கலந்தாலும் அதே கதிதான். மின்சாரச் செலவை மிச்சம் பிடிக்க யந்திரத்தை நிறுத்திவிட்டுப் புத்தகத்தில் மட்டும் ஓட்டுகின்ற நிர்வாகமும் உண்டு. இதையெல்லாம் நாம் மறைக்கவில்லை. நிலையத்தைத் தாண்டி வருவதனாலேயே அந்தத் தண்ணீர் குடிக்கத் தக்கதாகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகின்றோம். ஆனால் இவை நிலையத்தை ஒழுங்காய் நடத்தும்படி கேட்பதற்குக் காரணங்களே தவிர, நிலையமே வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் ஆகா. ஆஸ்பத்திரி அசுத்தமாய் இருந்தால் அதைச் சுத்தம் செய்யச் சொல்லுவோமா, அல்லது வியாதிக்காரனைத் தெருவில் போடச் சொல்லுவோமா?

ஆதலால், ஒவ்வொரு ஊர் ஜனங்களும் தங்கள் நகராட்சியைக் கேட்க வேண்டியவை இவை: நம் ஊரில் உண்டாகும் கழிவுநீர் எவ்வளவு, அதில் சுத்தமாவது எவ்வளவு? நிலையத்துக்குள் வரும் தண்ணீரின் அளவெண்ணும், வெளியே போகும் தண்ணீரின் அளவெண்ணும் மாதந்தோறும் நிலையத்து வாசலில் எழுதி ஒட்டப்படுமா? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா? எல்லா வீடுகளும் குழாயில் சேர்க்கப்பட்டனவா, அல்லது ஏழைகள் தெரு மட்டும் விடப்பட்டதா? அடைப்பெடுக்க யந்திரம் உண்டா, மனிதன் இறங்குகின்றானா? ஓட்டுக் கேட்டு வருகின்றவரிடம் கோவில் திருப்பணிக்கு நன்கொடை கேட்கின்ற நாம், இந்த ஐந்து கேள்விகளையும் ஒரு தரம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நம் வாசலில் இருந்து அசுத்தத்தைத் தள்ளிவிடுவது சுத்தமாகாது. அடுத்தவன் வாசலுக்கும் அது போகாமல் செய்வதுதான் சுத்தம். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவனும் மனிதன்தான், குழிக்குள் இறக்கப்படுகின்றவனும் மனிதன்தான் என்கின்ற நினைப்பு உள்ளவர்கள், தங்கள் ஊரில் நிலையத்துக்கு இடம் குறிக்கின்ற நாளில் எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போகாமல், அதை ஒழுங்காய்க் கட்டி ஒழுங்காய் நடத்தச் சொல்லும் கூட்டத்தைத் தாங்களே கூட்டுவார்கள் என்று எதிர்பார்க்கின்றோம்.